தள்ளிவிட்ட தாள்கள்

சூலூர்,
7.9.2025

அன்புள்ள ரித்திகா அப்பாவுக்கு,

நந்திதா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரித்திகாவும் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறது.

தினமும்தான் முகம் பார்க்கிறோமே, இது எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். நம் வீட்டில் போன் பொதுச் சொத்து. மணி அடித்ததும் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். ரித்திகா பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். கடைசியில் எனக்கு, "சாப்ட்டீங்களா" என்று கேட்கவும் ஒரு "ம்" வாங்கவும்தான் நேரம் மிஞ்சும். கட்டிய புருஷனிடம் தனியாக நாலு வார்த்தை பேச எனக்குத் தபால்காரர்தான் கதி.

தாளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். எங்கள் மில் லேபில் தள்ளிவிட்ட தாள்தான். பின்பக்கம் மெஷின் போட்ட கோடுகள் இருக்கும். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். பத்து வருடமாக நம் வீட்டு மளிகைப் பட்டியல், ரித்திகாவின் வீட்டுப்பாடம் எல்லாம் இதில்தானே எழுதுகிறோம். ஜெர்மனிக்குப் போகிற கடிதம் என்பதற்காக மட்டும் புதுத்தாள் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் நண்பர்களிடம் என் வேலையைப் பற்றி "நூல் செக் பண்ணுவாள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களாம். அத்தைதான் சொன்னார். சரியாகச் சொல்கிறேன், அடுத்த முறை இப்படிச் சொல்லுங்கள். பஞ்சைச் சீவிப் பட்டையாக்கும் கார்டிங் மெஷின்கள் எங்களிடம் பன்னிரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டுப் பட்டை எடுத்து என் சோதனை மெஷினில் ஓடவிடுவேன். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அது கோடாகப் போட்டுக் கொடுக்கும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பத் தடிப்பு வந்தால் தாளில் தூண் மாதிரி ஒன்று எழும்பும். அதற்கு நாங்கள் சிம்னி என்று பெயர் வைத்திருக்கிறோம். சிம்னி வந்தால் பஞ்சைத் திட்டிப் பயனில்லை. பஞ்சுக்கு எண்ணத் தெரியாது. எண்ணி எண்ணி வருகிறது என்றால், சுழல்கிற ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஏழாம் நம்பரிலும் எட்டாம் நம்பரிலும் இரண்டே கால் மீட்டருக்கு ஒருமுறை தடிப்பு, தாளில் சிம்னி. அந்த இரண்டு மெஷினிலும் ஒரே சமயத்தில்தான் பேரிங் மாற்றினார்கள். மேனேஜர் ரவிக்குமாரிடம் சொன்னேன். "தீபாவளி ஆர்டரு கழுத்துல நிக்குதுங்க மேடம். இப்ப மெசினை நிறுத்த முடியாதுங்க. இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாருங்க" என்றார். எடுத்தேன். மறுபடியும் சிம்னி. மூன்றாவது எடுத்தேன், நன்றாக வந்தது. அதை ஏட்டில் ஏற்றிவிட்டேன். எல்லா மில்லிலும் இப்படித்தான். உங்களுக்கே தெரியும், மெஷினைவிட ஆர்டருக்குக் குரல் பெரிது.

கார்டிங்கில் கூட்டுகிற வள்ளியாத்தாளை உங்களுக்கு நினைவிருக்கும். ரித்திகா பிறந்தபோது கூடை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்தாரே, அவர்தான். அவர் வந்து, "ஏழாம் நம்பரு முனகுதுங்க அம்மணி, சீக்குக்காரனாட்டம் முனகுதுங்க" என்றார். தீபாவளி கழிந்ததும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் அனுப்பிய, நட்சத்திர வெளிச்சத்தைக் கோடாகப் போட்ட படத்தை ரித்திகா பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாள். தொள்ளாயிரம் வருடப் பழைய வெளிச்சமாம். விண்வெளியில் மிதக்கிற தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். பதின்மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதன் வெளிச்சம் கொஞ்சம் குறைந்து, கோட்டில் ஒரு பள்ளம் விழுகிறதாம். ஒவ்வொரு பள்ளமும் முந்தையதைவிட ஆழமாம். அங்கே ஒரு கிரகம் வெந்து, பொடிப்பொடியாக உதிர்ந்து, தன் தூசியையே வாலாக இழுத்துக்கொண்டு சுற்றுகிறது என்று எங்க அப்பா கண்டுபிடித்தார் என்று டீச்சரிடம் மூச்சுவிடாமல் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம், "இப்பவும் அது அங்க இருக்குதாம்மா?" என்று கேட்டாள். நீங்கள் போனில் "கரைஞ்சு போயிருக்கும் கண்ணு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். பிள்ளை அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் கட்டுரை அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி ஆய்விதழுக்குப் போகிறது என்பதை அத்தை சென்னிமலைப் பக்கம் உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். கட்டுரை ஏறினால் உங்களுக்கு ஐந்து வருட வேலை, நாங்கள் இருவரும் அங்கே வரலாம். ஏறாவிட்டால் மார்ச்சோடு நீங்கள் இங்கே. இதற்காகக் குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டுவிட்டும் வந்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ரித்திகாவை ஒன்று எடுக்கச் சொன்னார்களாம். வெள்ளை வந்ததாம். அன்றிலிருந்து அத்தையின் கால் தரையில் படுவதில்லை.

ஒரே ஒரு குறை. நீங்கள் கூடத்தில் மாட்டிவிட்டுப் போன நெபுலா படத்தை எடுக்கச் சொல்கிறார். சிவப்பும் பழுப்புமாகத் தூசி மேகம் கிளம்புகிற படம். நட்சத்திரம் பிறக்கிற இடம் அது என்று நீங்கள் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "எரியற வூடாட்டம் இருக்குது கண்ணு, கழட்டிப்போடு" என்கிறார். நான் கழற்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் என்று சொல்லிக் குளிக்காமல் இருக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
நந்திதா

.

சூலூர்,
3.10.2025

அன்புள்ள ரித்திகா அப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மழை இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் முதல் கடிதம் கிடைத்தது என்று நீங்கள் சொன்னதில் சந்தோஷம். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் ஜோராக இருக்கிறது என்று சிரித்தீர்கள். கோடு என்றால் உங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியாதா.

இந்தக் கடிதம் ரித்திகாவின் நோட்டுத் தாளில் எழுதுகிறேன். லேப் தாளைத் தொட இப்போது பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை.

முந்தாநாள் மில்லில் ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லா மெஷினும் நிற்கும். அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். வள்ளியாத்தாள் தன் கையால் ஏழாம் நம்பருக்கு எலுமிச்சம்பழ மாலை கட்டினார். நின்றிருக்கும்போதே பேரிங்கைப் பிரித்துப் பாருங்கள் என்று ரவிக்குமாரிடம் சொன்னேன். பூஜை போட்ட மெஷினில் அன்றைக்கே ஸ்பேனர் வைக்கக் கூடாதாம். ஃபிட்டரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டுப் பேரிங்கை விட்டுவிட்டோம்.

நேற்று ஓட்டியதும் சிம்னி இன்னும் உயரமாக வந்திருக்கிறது. மூன்று தடவை எடுத்தும் நல்லது வரவில்லை. நான்காவது தடவை வந்தது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கல்ல. சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரித்திகாவுக்குப் பம்பரத்தை வைத்துப் பாடம் நடத்தினீர்கள். நான் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். தொலைநோக்கி ஒரே பக்கம் பார்த்து நிற்பதற்கு அதற்குள் சக்கரங்கள் சுழல்கின்றன. சுழன்று சுழன்று வேகம் ஏறிவிடும். அதனால் ஆறே முக்கால் நாளுக்கு ஒருமுறை அந்த வேகத்தை இறக்கிவிடுவார்கள். அப்போது தொலைநோக்கி லேசாகக் குலுங்கும் என்றீர்கள். முன்பு ஒரு தொலைநோக்கிக்குச் சக்கரங்கள் பழுதாகி அதன் வேலையே பாதியில் நின்றுபோனதையும் சொன்னீர்கள். சக்கரம் என்று சொன்னதும் என் காது தானாக நிமிர்ந்துவிட்டது. சக்கரம் இருந்தால் அதற்குப் பேரிங்கும் இருக்கும்.

வெங்காயம் முடிவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். ஆறே முக்காலும் ஆறே முக்காலும் பதின்மூன்றரை. அது உங்கள் கிரகம் சுற்றுகிற நாள்.

ரித்திகாவிடமிருந்து போனை வாங்கி, பள்ளம் விழுவது கிரகத்தாலா, அந்தக் குலுக்கலாலா என்று உங்களிடம் கேட்டேன். உங்கள் பின்னால் யாரோ நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அதெல்லாம் பார்த்தாச்சு நந்து" என்றீர்கள். பதினொரு பள்ளம் வர வேண்டிய இடத்தில் ஏழுதானே படத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மீதி நான்கு நாள் தகவல் சுத்தமாக இல்லை, தள்ளிவிட்டேன் என்றீர்கள். அந்த நான்கு நாளிலும் பள்ளம் இருந்ததா, இல்லையா என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நூலும் நட்சத்திரமும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள்.

ஒன்றல்ல. நான் நூல் சுற்றுகிற எட்டாயிரம் ஸ்பிண்டிலோடு குடித்தனம் நடத்துகிறவள், நீங்கள் படித்தவர். உதிர்கிற கிரகத்தின் தூசி ஒரு சுற்றில் மெலிந்து பள்ளம் தெரியாமலே போகலாம் என்று முன்பு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். அப்படி என்றால் அந்த நான்கையும் படத்தில் வைத்துவிட்டு, இதனால் தெரியவில்லை என்று எழுதலாமே. ஏன் தள்ள வேண்டும்? நான் குற்றம் சொல்லவில்லை. தள்ளுகிற கை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை ரித்திகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். கோயிலில் முதல் தடவை அவள் எடுத்தது சிவப்பாம். இரண்டாவதும் சிவப்பாம். "சாமி வெளையாடுது கண்ணு, இன்னொருக்கா எடு" என்று அப்பத்தா சொன்னாராம். மூன்றாவதுதான் வெள்ளையாம். அத்தையிடம் கேட்டேன். "வந்தது வெள்ளைதான?" என்று கேட்டுவிட்டுச் சந்தகைக்கு மாவு பிசையப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

ஐந்து நாளாக நீங்கள் போன் செய்யவில்லை. பிள்ளை கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டால் ஏழாம் நம்பரையா, உங்களையா என்று சொல்லத் தெரியாது.

கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
நந்திதா

.

சூலூர்,
26.10.2025

ரித்திகா அப்பாவுக்கு,

தபாலில் போட்டால் முப்பத்தொன்றுக்குள் உங்கள் கைக்கு வராது. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். நீங்கள் "தீபாவளி எப்படிப் போச்சு?" என்று கேட்டதும் போனை அத்தை பக்கம் நீட்டிவிட்டேன். அத்தை போனை வாங்கி, மில்லில் சின்னத் தீ, அம்மணிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும் உண்மை.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி ஷிப்ட் மாறுகிற நேரம். நான் லேபில் இருந்தேன். முனகல் நின்றது. அது நின்ற பிறகுதான், ஒன்றரை மாதமாக அது என் காதில் இருந்தது எனக்கே தெரிந்தது. பேரிங் இறுகி, சூடேறி, பொறி பறந்திருக்கிறது. கார்டிங் கூடத்தில் பஞ்சுத் தூசி காற்றிலேயே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தூசி முழுக்கச் சிவப்பாக, ஓரத்தில் பழுப்பாக, மெதுவாக மேலே எழும்பியது. நம் கூடத்தில் மாட்டியிருக்கிற உங்கள் படம்தான். ஒரு விநாடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அந்த ஒரு விநாடியை என்னால் மறக்க முடியவில்லை.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். வள்ளியாத்தாள் ஓடவில்லை. பட்டை நிரம்பிய கேன்களுக்குத் தீ பிடித்தால் கூடம் முழுவதும் போய்விடும் என்று ஒவ்வொன்றாக இழுத்து அப்பால் தள்ளியிருக்கிறார். ஏழாவது கேனை இழுக்கும்போது சேலையில் பிடித்துவிட்டது. பாதி உடம்பு வெந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். தீபாவளி அன்றைக்குக் காலையில் நான் வீட்டில் சுட்ட ஒப்புட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தோன்றியது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "ஏழாம் நம்பரு நின்னுபோச்சுங்களா அம்மணி?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். "பாவம், அன்னிக்கே சொன்னேனுங்க" என்றார். மெஷினைத்தான் பாவம் என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். சோதனை ஏட்டைக் கேட்டார். ரவிக்குமார் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதமும் ஏழாம் நம்பர் சரி, எட்டாம் நம்பர் சரி, கீழே என் கையெழுத்து. ஆய்வாளர் போன பிறகு ரவிக்குமார் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டுல இருக்கறதே போதுமுங்க மேடம், நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நாளைக்கு நீங்க ஜெர்மனி போற ஆளு, எதுக்குங்க வம்பு" என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பத்து நாள் ஓய்வெடுக்கச் சொல்லி லேப் சாவியையும் வாங்கிக்கொண்டார்.

பஞ்சில் ஏதோ இரும்புத் துண்டு கலந்து வந்து பொறி பறந்தது என்று அறிக்கை எழுதுகிறார்கள். மெஷினில் குறையில்லை என்பதற்குச் சாட்சி என் ஏடு. வியாழக்கிழமையிலிருந்து மற்ற மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. எட்டாம் நம்பரும் ஓடுகிறது.

நான் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன், அது உங்களுக்குத் தெரியாது. எட்டிலும் அதே பழுது இருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். "நீங்களே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அம்மா" என்றார். பயத்தில் இப்போது வேறு மாதிரி தோன்றும் என்றார். தள்ளிவிட்ட சோதனைத் தாள் ஒன்றாவது இருந்தால் கொண்டுவாருங்கள், அன்றைக்கே நிறுத்துகிறேன் என்றார். எங்கள் சோதனை மெஷின் பழையது. எதையும் நினைவில் வைக்காது. தாளில் போட்டதோடு சரி.

வீட்டுக்கு வந்து தேடினேன். மளிகைப் பட்டியல், பால் கணக்கு, ரித்திகா வரைந்த யானை என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் போன வருடத் தாள். ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்ததை ரவிக்குமார் அவ்வப்போது அள்ளிக்கொண்டுபோய் எரித்துவிட்டார். இரண்டே இரண்டு தாள்தான் தப்பின. சிம்னி முதன்முதலில் வந்த அன்றைக்கு, ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. மெஷின் நம்பரும் தேதியும் மணியும் ஓரத்தில் அச்சாகியிருக்கும். அவற்றின் முதுகில்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பின்பக்கம் ஜோராக இருக்கிறது என்று சிரித்தீர்களே. முன்பக்கத்தில் சிம்னி என்றால் என்ன என்று நானே விளக்கியிருக்கிறேன். தாளைத் திருப்பினால் அது நிற்கிறது. உங்களுக்குப் புரியாமல் இருக்க முடியாது. பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? உங்கள் படத்தைப் பார்த்து நான் கேட்டேன். என் படத்தைப் பார்த்து நீங்கள் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். வைத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கேட்டது என்னை விட்டிருக்காது. சண்டை போடுவதற்காக எழுதவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. என் தாளை நானே திருப்பிப் பார்க்கவில்லையே.

அந்த இரண்டு தாளையும் நாளைக்கே கூரியரில் அனுப்புங்கள். போட்டோ வேண்டாம், அதை ஏற்க மாட்டார்கள். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏட்டில் பொய் எழுதியவள் நான் என்பதற்கு என் கையாலேயே சாட்சி கொடுத்தது ஆகும். வழக்கு வரும். வழக்கு இருக்கிறவளுக்கு விசா கிடைக்காது என்று அத்தையின் தம்பி இப்போதே சொல்லிவிட்டார். அத்தை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. "எரிஞ்சது எரிஞ்சு போச்சு, நீ எதுக்குக் கண்ணு கொண்டுபோய்த் தலையைக் குடுக்கற" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நெபுலா படத்தை அவரே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

முப்பத்தொன்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. உங்கள் நான்கு நாட்களையும் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் நட்சத்திரம் தொள்ளாயிரம் வருடத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே கிரகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் சேலையில் தீப் பிடிக்காது. ஆனால் அந்தச் சக்கரம் மேலே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாகக் குலுங்குகிறது என்றால், அதைக் கிரகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அது எனக்குப் பழக்கமான விஷயம். நீங்கள் மார்ச்சில் திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் உங்களுக்கு அரிசிம்பருப்பு சோறு இருக்கிறது. ரித்திகா வாசலில் நிற்பாள். நான் எங்கே இருப்பேன் என்று தெரியாது; எங்கே இருந்தாலும் உங்களைப் பார்த்துத் தலை குனிய மாட்டேன். நீங்களும் என்னைப் பார்த்துக் குனியாதபடி வாருங்கள். எனக்கு அது போதும்.

இன்று காலை மில் பஸ் நம் தெருமுனையில் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து கை காட்டினாள். மேக்னா என்று பெயர். போன மாதம் சேர்ந்தாள், இருபத்திரண்டு வயது, தையில் கல்யாணம். வள்ளியாத்தாள் இல்லாததால் கார்டிங் கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எந்த மெஷின் என்று கேட்டேன். எட்டாம் நம்பருங்க அக்கா என்றாள். ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. சிரித்துக்கொண்டே, லேசாக முனகும், அதெல்லாம் பழகிவிட்டது என்று கத்திச் சொன்னாள்.

சாமி உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். தாள்களை நான் மடித்த மடிப்பிலேயே வைத்து அனுப்புங்கள். தயவுசெய்து நாளைக்கே அனுப்புங்கள்.

உங்கள்,
நந்திதா